மூன்று ராடையும் கழுவித்தான் வைத்தேன்

பிப்ரவரி 12, ஞாயிறு

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. கடை மேஜையில் துடைக்கும் துணிகளுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன். பிற்பாடு யாராவது கேட்டால் தேதிவாரியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

துரை கடலில் விழுந்துவிட்டான். காலை ஏழு மணி வாக்கில். அலைத்தடுப்புக் கற்களின் மேல் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவனை ஏதோ பெரிய மீன் அடித்து இழுத்திருக்கிறது. தூண்டில் ராடோடு முன்னால் போய்க் கற்களுக்கு நடுவே தலைகுப்புற விழுந்திருக்கிறான். கூடப் போன பெலிக்ஸ் நூறு அடி தள்ளி நின்றிருந்தான். சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்த வள்ளக்காரர்கள் பார்த்துவிட்டுக் குதித்துத் தூக்கியிருக்கிறார்கள். தலையில் அடி, நுரையீரலில் தண்ணீர். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை.

நான் இன்றைக்குத் தூண்டில் போடப் போகவில்லை. வயிறு சரியில்லை.

பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் மூன்று பேரும்தான். துரைக்கு டயர் கடை. முழுப் பெயர் ஐகோர்ட்துரை, குலசாமி பெயர். பெலிக்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். எனக்குக் கண்ணாடிக் கடை. மூன்று பேர் ராடும் என் வீட்டில்தான் இருக்கும். துரை மனைவி கனிக்கு வீட்டுக்குள் கவிச்சி வாடை ஆகாது. பெலிக்ஸ் வீட்டில் எதை எங்கே வைத்தாலும் மறுநாள் காணாது. அதனால் கழுவி வைப்பது என் பொறுப்பு.

எப்படி வைப்பேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுவேன். நூல் ஓடும் வளையங்களைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன். துண்டுகளைக் கழற்றி நிழலில் காய வைப்பேன். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் ராடு வளைந்துவிடும், அதனால் பிவிசி குழாயை அறுத்துப் படுக்கை ஸ்டாண்டு செய்திருக்கிறேன். கடைசியாக ரீலின் டிராக்கை முழுக்கத் தளர்த்துவேன். டிராக் என்பது ரீலின் தலையில் இருக்கும் திருகு. பெரிய மீன் இழுக்கும்போது அதுதான் வழுக்கிக் கொடுத்து நூலை வெளியே விடும். உப்புத் தண்ணீரோடு இறுக்கியபடியே வைத்துவிட்டால் உள்ளே வாஷர்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு நூலை விடாது.

போன ஞாயிறும் மூன்று ராடையும் கழுவி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தித்தான் வைத்தேன்.

பிப்ரவரி 13, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐ.சி.யூ. வாசலில் கனி செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன், சாத்தான்குளத்தில் இருந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கனி எழுந்து கொஞ்சம் ஒதுக்கமாகக் கூட்டிப்போனாள்.

"அண்ணே, ஒளிக்காமச் சொல்லுங்க. அவுக திரும்ப ஆரம்பிச்சுட்டாகளா?"

குடியைச் சொல்கிறாள். துரை விட்டு இரண்டு வருஷமாகிறது. இனி ஒரு சொட்டு நாக்கில் பட்டால் நான் இந்த வீட்டில் இல்லை என்று கனி சொன்னாள், அன்றோடு விட்டான். நாங்கள் டீக்கடையில் கிண்டல் செய்வோம், கடலைமிட்டாய் சாப்பிட்டே வயிறு வளர்க்கிறான் என்று.

"பத்து வருசமா நிக்கிற கல்லு அது. நெதானமா இருக்க மனுசன் எப்படிண்ணே விழுவாரு? எங்க அண்ணன் சொல்லுதாரு, வாடை இருந்திருக்கும், கடல் தண்ணில போயிருக்கும்னு."

"தெரியலம்மா. நான் அன்னைக்குப் போகலையே" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஞாயிறு காலை ராடு வாங்க அவன் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தான். முகத்துக்கு முகம் நின்று பேசினேன். வாயில் பல்பொடி வாசனை தவிர ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

பெலிக்ஸ் கடைக்கு வந்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண். ஸ்டூலில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"எனக்கு ஒண்ணுதாம்ல டைட்டஸு புரியல. ராடு வில்லு மாதிரி வளையுது, நான் பாக்கேன். ரீல் சத்தமே வரல. அவ்ளோ பெரிய மீன் அடிச்சா ரீல் என்ன கத்து கத்தும்? ஒரு சத்தமும் இல்ல. அப்படியே ஆளை இழுத்துட்டுப் போவுது. ஏம்ல அவன் ராடை விடல?"

"ராடு வாரைக் கையில மாட்டியிருப்பான்."

"டிராக்க இறுக்கிட்டானோ?"

"இருக்கலாம்" என்றேன்.

அவன் போன பிறகு ஒரு அம்மாளுக்கு வலது கண் பவரை இடது கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் வாசல்படியில் தடுமாறித் திரும்பி வந்தார்கள்.

பிப்ரவரி 15, புதன்

போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. இறந்துவிட்டான் என்று சொல்வார்களோ என்று பயம். கண் விழித்துவிட்டான் என்று சொல்வார்களோ என்றும் பயம்.

பிப்ரவரி 16, வியாழன்

வீட்டில் இருக்கும் இரண்டு ராடையும் இறக்கிக் கழுவினேன். என்னுடையதும், செவ்வாயன்று பெலிக்ஸ் கொடுத்துவிட்டுப் போன அவனுடையதும். பிடியில் இருக்கும் தக்கையை ஈரத்துணியால் துடைத்து, இணைப்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ரீலைக் கழற்றித் துணிப்பையில் போட்டேன். ஈரம் போகாமல் உறைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று மின்விசிறிக்கு அடியில் வைத்துக் காத்திருந்தேன்.

என் மனைவி பியூலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தும் கழுவுனீங்க, முந்தாநாளும் கழுவுனீங்க. கழுவுன ராடையே எத்தன தரம்தாங்க கழுவுவீங்க?"

"சும்மா இருக்க முடியல."

"துரை அண்ணன நெனச்சுப் பயமா?"

ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை. பாவம், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வயிறு சரியில்லை என்று ஞாயிறு சொன்னதை இன்னும் நம்புகிறாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

ஒரு திருத்தம். 12ஆம் தேதி எழுதியதில் மூன்று ராடு என்று போட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் என் ராடையும் பெலிக்ஸ் ராடையும் கழுவியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. துரை ராடைக் கழுவினேனா என்று அவ்வளவு தெளிவாக ஞாபகம் இல்லை. கழுவித்தான் இருப்பேன்.

பிப்ரவரி 18, சனி

கண் திறந்துவிட்டான்.

பெலிக்ஸ் போனில் அழுதான். நானும் அழுதேன். பியூலா முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். அவள் பக்கத்தில் நானும் நின்றேன். என்ன கேட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன், அது சத்தியம். அதற்குப் பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு ஞாபகம் வராமல் இருக்கட்டும் என்றும் கேட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். படி ஏறும்போது திரும்பிவிடலாமா என்று மூன்று தடவை நின்றேன்.

துரை என்னைப் பார்த்துச் சிரித்தான். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. வலது கையில் பிடிப்பு இல்லை, விரல்கள் பாதிதான் மடங்குகின்றன.

"என்னல டைட்டஸு... எளைச்சுப் போயிட்ட?"

ஒரு வாரம் சாவோடு கிடந்தவன் என்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்கிறான். அன்றைக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று அங்கே இருந்த பெலிக்ஸ் கேட்டான். துரை உதட்டைப் பிதுக்கினான். சனிக்கிழமை ராத்திரி இட்லி சாப்பிட்டது வரைக்கும்தான் தெரியுமாம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகம் அந்நேரம் எப்படி இருந்திருக்குமோ தெரியவில்லை.

கனி அவனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் "கனி" என்று கூப்பிட்டான். அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

பிப்ரவரி 22, புதன்

லெந்து தவக்காலம் ஆரம்பம். கோயிலுக்குப் போகவில்லை. கடைக்கும் பாதி நாள்தான்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கனி இன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவர்கள் இரண்டு பேரையும் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாத்திரை, தலையணை, போர்வை எல்லாம் சரியாக நடக்கிறது. ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

ராடு கிடைத்துவிட்டது.

துரையைத் தூக்கிய அதே வள்ளக்காரர்கள் கற்களின் இடுக்கில் பார்த்து எடுத்திருக்கிறார்கள். பெலிக்ஸ் அதைச் சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டு வந்தான். நுனித் துண்டு முறிந்திருக்கிறது. ரீலில் பாசி. அவன் டிராக்கைத் திருகிப் பார்த்தான், அசையவில்லை. எனக்குக் கடைக்குள் இருந்த வெளிச்சமெல்லாம் குறைந்த மாதிரி இருந்தது.

"கல்லு மாதிரி இருக்கு பாரு" என்றான். அவனே சொன்னான், "பன்னெண்டு நாளு கடலுக்குள்ள கெடந்தா எந்த ரீலுதாம்ல சுத்தும்?"

பிறகு என் மேஜை மேல் வைத்தான். "நீதான் கழுவணும். ஒங்கிட்ட இருந்தாத்தான் உருப்படும்."

அவன் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இனி இதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. உப்பு என் வீட்டு ஸ்டாண்டில் பிடித்ததா, கடலுக்குள் பிடித்ததா என்று எந்த மெக்கானிக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் தப்பித்துவிட்டேன்.

வெந்நீரில் ஊற வைத்தேன். பாசியைத் தேய்த்தேன். எண்ணெய் விட்டு, சிறு திருப்புளியால் தட்டித் தட்டி மூடியைக் கழற்றினேன். வாஷர்கள் ஒன்றோடொன்று வெல்லப்பாகில் ஒட்டியது போல் இருந்தன. பிரித்து, கழுவி, கிரீஸ் தடவி மாட்டினேன். சாயங்காலம் டிராக் பட்டு மாதிரி சுற்றியது.

இதை ஏன் செய்தேன் என்று தெரியும். எழுதவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

துரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டயர் கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கனி கடைக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான், பிடிப்பில்லாத கையால்.

"ஏல, உண்மையச் சொல்லு. நான் குடிச்சிருந்தேனா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கனி பேச மாட்டேங்கா. அவ சும்மா அப்படி இருக்க மாட்டா. நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் வரல. கல்லுல இருந்து நான் விழுவேனால? குடிக்காம விழுவேனா? குடிச்சுத்தாம்ல இருந்திருக்கணும். ரெண்டு வருசம் விட்டதெல்லாம் போச்சு. எங்க வாங்கினேன்னுகூடத் தெரியல பாரு."

அவன் அழுதான். நான் பத்து வருஷத்தில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கனியின் அண்ணன் கார் கொண்டு வருகிறாராம். துரையைப் பார்த்துக்கொள்ள அவன் அக்கா வந்துவிடுவார்கள், கனி சாத்தான்குளம் போகிறாள். இனி திரும்ப மாட்டாள் என்கிறான்.

"தப்பு எம்பேர்லதான்" என்றான். "அவள ஒண்ணும் சொல்லாத."

மருந்தோடு கனி வந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 1, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த டைரி பொய்யில் ஆரம்பித்தது.

பிப்ரவரி 5ஆம் தேதி துரை ஆறு கிலோ கொடுவா மீன் பிடித்தான். எனக்கு ஒன்றும் மாட்டவில்லை, வழக்கம்போல. டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். மீனைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சொன்னான்: "டைட்டஸு ராடு தொடைக்கத்தாம்ல லாயக்கு. அவங்கிட்ட மீனு கூட வராது, கழுவி வச்சிருவான்னு பயந்து." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிற ஒருவர்கூட அங்கே இருந்தார், அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து என் ராடைக் கழுவினேன். பெலிக்ஸ் ராடைக் கழுவினேன். துரை ராடைக் கையில் எடுத்தேன். உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, டிராக் முழுக்க இறுக்கியிருந்தது. துடைக்கத்தானே லாயக்கு, போய் அவனே துடைக்கட்டும் என்று அப்படியே ஸ்டாண்டில் வைத்தேன். மறந்து போகவில்லை. வாரம் முழுக்க அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் வளையங்களில் உப்புப் பூப்பதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது. அவன் வந்து பார்ப்பான், என்னல இப்படி வச்சிருக்க என்று கேட்பான், அப்போது நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று நான்கு பதில்கூடத் தயார் செய்தேன்.

12ஆம் தேதி விடிகாலையில் வந்தான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ராடை உறையோடு நீட்டினேன். அவன் உறையைப் பிரிக்கவில்லை. ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"டிராக் எல்லாம் பாத்துட்டியால?"

"பாத்துட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். வேறு யார் கொடுத்தாலும் கரையில் வைத்து நூலை இழுத்துப் பார்ப்பான். நான் கொடுத்தால் பார்க்க மாட்டான். அது எனக்குத் தெரியும். அவனைக் கடலில் தள்ள வேண்டும் என்று நினைக்கவே இல்லை. மீன் மாட்டி, நூல் விடாமல், மீன் தப்பித்து, எல்லோர் முன்னாலும் அவன் அசடு வழிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை.

மார்ச் 3, வெள்ளி

சொல்லிவிடுவது என்று போனேன். கனி கதவைத் திறந்தாள். பெட்டி கட்டி வைத்திருந்தது. துரை தன் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை என்றான். நான் மூக்குப் பிடியை வளைத்துச் சரி செய்து கொடுத்தேன். மாட்டிப் பார்த்து, இப்பச் சரியா இருக்கு என்றான். நான் வந்துவிட்டேன்.

மார்ச் 4, சனி

பியூலாவிடம் சொன்னேன்.

"போலீசுக்குப் போயிருவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"துரை அண்ணன் இனி ஒங்க மூஞ்சில முழிப்பாங்களா?"

"தெரியல."

"நாளைக்குப் பத்து மணிக்குத்தான கார் வருது? நீங்க ஒம்பதுக்கே போயிருங்க" என்றாள்.

மார்ச் 5, ஞாயிறு

ஒன்பதுக்குப் போனேன்.

துரை கட்டிலில் இருந்தான். கனி பிளாஸ்க்கில் இருந்து எனக்கு டம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தேன். கனி, நீயும் இரும்மா என்றேன். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, கழுவாமல் வைத்தது, வாரம் முழுக்கப் பார்த்தது, பாத்துட்டேன் என்று சொன்னது, கிடைத்த ராடைக் கழுவி அடையாளம் இல்லாமல் செய்தது. கனிக்கு டிராக் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. "நூலை விடாம ஆளை இழுத்துரும்மா. எவ்வளவு நெதானமா நின்னாலும் இழுத்துரும்" என்றேன். அன்று காலையில் அவன் குடித்திருக்கவில்லை, என் வாசலில் நின்று பேசினான், எனக்குத் தெரியும், முதல் நாளே தெரியும் என்றேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

துரை என்னைப் பார்க்கவே இல்லை. அவன் முகம் எல்லாம் மாறியிருந்தது. வாசல் பக்கம் திரும்பினான்.

"கனி" என்றான். "நான் குடிக்கலையாம் கனி."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கேட்டியா? நான் குடிக்கலையாம்." சிரித்தான். கண்ணீர் கன்னத்தில் ஓட, பிடிப்பில்லாத கையால் படுக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் சொன்ன மீதி எதுவும் அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

நான் எழுந்தேன். கனி என் பின்னால் மாடிப்படி வரைக்கும் வந்தாள். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மெதுவாகப் பேசினாள்.

"கை போனதுகூட இருக்கட்டும்ணே. ரெண்டு வாரமா அவுகளுக்கு ஊட்டிவிட்டேன், தொடச்சுவிட்டேன். ஒரு வார்த்தை பேசல. கூப்பிடக் கூப்பிடப் பேசல. நீங்களும் அந்த ரூம்லதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமாம்மா" என்றேன். "இருந்தேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ் போட்டாள். நான் இரண்டு படி இறங்கியிருப்பேன். உள்ளே அவள் குரல் கேட்டது.

"காப்பி குடிக்கீகளா?"

துரை பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. நான் அதுவரை படியிலேயே நின்றிருந்தேன்.